இத்தாலி பட்லரின் ஒற்றைக் காதுப் பானை

அமெரிக்காக்காரர்கள் இத்தாலிக்குப் போனால் எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சாப்பிட வேண்டும், மணிபர்ஸை எங்கே ஒளித்துவைக்க வேண்டும் என்பதையெல்லாம் முழுமையாக அறிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ரோமாபுரியில் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை. மகாபலிபுரத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த பிரயாணிகள் பங்களாவில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். ஊர் மொத்தத்துக்கும் அவர் 'இத்தாலி பட்லர்'. சொந்த ஊர் கருங்குழிப் பக்கம். சண்டைக் காலத்தில் பாலம் கட்டும் பட்டாளம் ஒன்றில் சமையற்காரராகச் சேர்ந்து, ஒன்றரை வருஷம் இத்தாலியில் இருந்துவிட்டு வந்தவர். ஆறடி உயரம், முழங்காலைத் தாண்டித் தொங்கும் பட்டாளத்து நிஜார், அதற்கு மேல் பங்களா கொடுத்த வெள்ளைக் கோட்டு. பல்லவர் குடைந்த பாறைகளைப் பற்றிக் கேட்டால், "அது அங்கயேதான் சார் கீது, எங்க பூடப் போவுது" என்பார். இத்தாலி என்ற சொல் காதில் விழுந்துவிட்டாலோ, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட அவருக்குத் தெரியாது.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய், பங்களாவின் தட்டு, முள்கரண்டி, கொசுவலை எல்லாம் லிஸ்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்த்துவர வேண்டும். சாமான் குறைந்தால் எனக்குக் கவலை இல்லை. 'உடைந்தது' என்று ஒரு வார்த்தை எழுதினால் தீர்ந்தது. நான் போன முதல் சனிக்கிழமையே ஒரு சாமான் கூடியிருந்தது. கூடினால் என்ன எழுதுவது என்று எந்தச் சர்க்கார் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

நீல எனாமல் பூசிய ஒரு சின்னப் பானை அது. மூடி உண்டு. இரண்டு காதில் ஒன்று உடைந்து போயிருந்தது. சமையலறை அலமாரியின் மேல்தட்டில் அதைத் துணி சுற்றி வைத்திருந்தார்.

"இது என்ன? லிஸ்டில் இல்லையே?"

"அது சர்க்காருது இல்ல சார். தெரேசாம்மாவுது."

"யார் தெரேசாம்மா? இந்த ஊரா?"

"இத்தாலி சார்" என்றார், பக்கத்துத் தெரு என்பதுபோல.

அப்புறம்தான் கதை வந்தது. மலைப்பாங்கான ஒரு ஊரில், உடைந்த பாலத்தைக் கட்டுவதற்காக இவருடைய பட்டாளம் பனியில் முகாம் போட்டிருந்தது. இவருக்குக் கடுங்காய்ச்சல். பக்கத்து வீட்டில் தெரேசா என்று அறுபது வயசு தாண்டிய ஒரு விதவை. அந்த அம்மாள் மூன்று நாள் அவரைக்கொட்டையைக் கஞ்சி மாதிரி வேகவைத்து அந்த நீலப் பானையில் கொண்டுவந்து, தலையைத் தூக்கிப் பிடித்து இவருக்குப் புகட்டியிருக்கிறாள். நாலாம் நாள் விடிந்ததும் பட்டாளம் திடீரென்று கிளம்ப உத்தரவு. காய்ச்சலோடு இவரை லாரியில் தூக்கிப் போட்டார்கள். தலைமாட்டில் இருந்த பானையும் கூடவே வந்துவிட்டது.

"அந்த வூட்ல இருந்ததே ரெண்டு பானை சார். காலைல பானைக்கு வந்து பாத்திருப்பாங்க. அங்க லாரித் தடம்தான் கீது. சோறு போட்டவ பானையவே தூக்கிகினு பூட்டான் இந்தக் கறுப்பன்னுதான நெனச்சிருப்பாங்க? இன்னும் எத்தினி வருசம் சார் உசுரோட இருப்பாங்க? அதுக்குள்ள போய்ச் சேரணும்."

விலாசம் அவரிடம் இருந்தது. அதே பட்டாளத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த யாரோ எழுதிக் கொடுத்த சீட்டை மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார். தபாலில் அனுப்புவதுதானே என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெறும் பானையவா சார் அனுப்புவாங்க? உங்க வூட்ல அப்பிடித்தானா?"

எங்கள் வீட்டிலும் அப்படி இல்லைதான். பண்டம் வந்த பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் என் அம்மா அன்றைக்கு யாருடனும் பேசமாட்டாள். கப்பலில் மாதக்கணக்கில் கெடாத பண்டம் என்று யோசித்து, கல் மாதிரி இறுகிக் கிடக்கும் பொருவிளங்கா உருண்டைதான் என்று பட்லர் முடிவு செய்திருந்தார். மாதம் ஒருமுறை புதிதாகப் பிடித்துப் பானையை நிரப்புவார். பழையது பங்களா தோட்டக்காரருக்குப் போகும். தோட்டக்காரர் அந்த வேலைக்கு வந்தபோது அவருக்கு முன்பல் இரண்டு இருந்தன என்று சொல்வார்கள்.

சரி, கொண்டுபோக ஆள்? அதற்குத்தான் அமெரிக்காக்காரர்கள். அப்போது அவர்கள் உலகம் சுற்றும் வழியில் மதராஸில் இறங்கி, டாக்ஸி வைத்துக்கொண்டு பாறை பார்க்க வருவார்கள். முக்கால்வாசிப் பேர் அடுத்து இலங்கை, எகிப்து, இத்தாலி என்று போகிறவர்கள். ஆனால் கிடைத்தவர் கையில் கொடுத்துவிட முடியுமா? தெரேசாம்மா வீட்டு வாசலில் போய் நிற்கிறவருக்கு அந்த வீட்டில் நடந்துகொள்ளத் தெரிய வேண்டாமா? ஆகையால் பட்லர் முதலில் பாடம் நடத்துவார். பிறகு பரீட்சை வைப்பார்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கும் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் வீட்டில் வெளி இடத்தில் கை நனைப்பதில்லை என்று ஒரு வழக்கம். நான் செங்கல்பட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன தயிர்சாதப் பொட்டலத்தைக் காட்டி, "வேண்டாம்" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. தட்டை எடுத்துக்கொண்டார். "நீங்களும் ஃபெயிலு சார்" என்றார்.

பாடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அவருடைய பட்டாளத்து இங்கிலீஷைத் தமிழில் தருகிறேன். அமெரிக்காக்காரர்களுக்குப் புரிந்த அளவுக்கு உங்களுக்கும் புரியும். "இத்தாலி வூட்ல ரெண்டு பேர் கத்தினா சண்டைன்னு நெனச்சு ஓடாதீங்க. கொயம்பு நல்லா கீதுன்னு பேசிக்கிறாங்க. சர்ச்சுக்குப் போனா முட்டி தெரியக் கூடாது. கெயவிங்கள கேக்காம போட்டோ புடிக்காதீங்க. ரயில்வே ஸ்டேசன்ல ஒருத்தன் ஒறவு மாதிரி கட்டிப்புடிச்சா, புடிச்சு முடிச்சதும் கைக்கடியாரம் கீதான்னு பாருங்க." இந்தக் கடைசிப் பாடம் செங்கல்பட்டு ஜங்ஷனுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

பரீட்சை சாப்பாட்டு மேஜையில். இடியாப்பத்தைத் தக்காளிச் சாற்றில் புரட்டி, மேலே மீனை வைத்து, இதுதான் இத்தாலிச் சாப்பாடு என்று பரிமாறுவார். தட்டு காலியானதும் மறுபடியும் கரண்டியோடு பக்கத்தில் வந்து நிற்பார். அமெரிக்காக்காரர் தட்டின்மேல் கையை வைத்து, "நோ, தேங்க்யூ" என்பார். தீர்ந்தது, ஃபெயில். இத்தாலியில் சாப்பாட்டை மறுத்தால் சமைத்தவளின் குலத்தையே மறுத்ததாக அர்த்தமாம். கழுத்தில் மூன்று காமிரா மாட்டிக்கொண்டு வந்த ஒருவர் ஒரே பந்தியில் நாலு தடவை நோ, தேங்க்யூ சொன்னார்.

இன்னொரு விதி, இத்தாலி வீட்டில் எந்தச் சாமானையும் அழகாயிருக்கிறது என்று புகழக் கூடாது. புகழ்ந்தால் கையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதைச் சோதிக்கத் தன்னுடைய சொந்தக் கூஜாவை மேஜைமேல் வைத்திருந்தார். தொப்பி போட்ட ஒரு அம்மாள் அதைப் பார்த்து ஆகா என்றாள்.

"நான் இத்தாலி வழக்கப்படி எட்த்துக் குட்த்தேன் சார். அவங்க மூணு தபா வேணாம்னு சொல்லணும். வாங்கிகினு பூட்டாங்க சார்!"

கூஜா அமெரிக்காவுக்குப் போனதே போனதுதான். அதற்கப்புறம் அந்தச் சோதனைக்கு அவர் பங்களாவின் சாமான்களைப் பயன்படுத்த ஆரம்பித்தார். என் லிஸ்டில் 'உடைந்தது' பெருகியதன் ரகசியம் இதுதான்.

எல்லாவற்றையும் கெடுத்தது பந்தோபஸ்துப் பாடம். ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர், உடம்பு பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு, "என் பாக்கெட்டில் எவனாலும் கைவைக்க முடியாது" என்று சொல்லியிருக்கிறார். சாப்பாடு முடிந்து பட்லர் மூடி போட்ட புட்டிங் பாத்திரத்தை எதிரில் வைத்தார். மூடியைத் திறந்தால் உள்ளே அவருடைய மணிபர்ஸ். பக்கத்தில் ஒரு முந்திரிப்பருப்பு வைத்து அலங்காரம் வேறு.

"இத்தாலியா இருந்தா இது இந்நேரம் வேற ஊர்ல இருக்கும் சார்" என்று பட்லர் வணக்கம் வைத்தார்.

அந்த மனிதர் விருந்தினர் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் போனார். செங்கல்பட்டில் எங்கள் மேலதிகாரிக்கு இங்கிலீஷ் திட்டுகளில் பாதி புரியவில்லை. அகராதி வைத்துக்கொண்டு படித்தார். படித்து முடித்து உத்தரவு போட்டார். பட்லர் இனி விருந்தாளிகளிடம் 'டீயா, காபியா' என்ற கேள்வியைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போய்விடும். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்ட வேண்டியவன் நான்.

கேட்டுவிட்டுப் பட்லர் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். "வேல பூட்டா கருங்குழிக்குப் போயி களை புடுங்கிப் பொயச்சுக்குவேன் சார். அங்க எந்த அமெரிக்காக்காரன் வருவான்? தெரேசாம்மாகிட்ட எவன் சார் போவான்?"

நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, நான் போயிருந்த ஒரு சனிக்கிழமை, ஒரு ஜோடி வந்தது. அமெரிக்காவில் சோளம் விளைகிற ஏதோ ஒரு மாகாணத்துப் பள்ளிக்கூட டீச்சரம்மாவும் அவர் கணவரும். விருந்தினர் புத்தகத்தில் 'அடுத்துப் போகும் ஊர்' என்ற இடத்தில் அந்த அம்மாள் எழுதியதைப் பட்லர் பார்த்துவிட்டார். எழுத்துக் கூட்டாமல் அவருக்குப் படிக்க வந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை இத்தாலி. அடுப்படியிலிருந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"சார், அவங்க புள்ள அங்க உத்தியோகத்துல கீறாராம். இத்தாலிப் பொண்ணக் கட்டப் போறாராம். இவங்க சம்பந்தி வூட்டுக்குப் போறாங்க சார்! டிரைவர் சொன்னான். அந்தம்மா பயந்துகினு கீறாங்களாம். நீங்க பாடம் எடுங்க சார்."

"நானா? நான் அரக்கோணத்தைத் தாண்டினதில்லையே!"

"நான் கதவாண்ட நின்னுகினு கரண்டி காட்றேன். மேல தூக்குனா பாஸு, கீய போட்டா ஃபெயிலு. உத்தரவு என் வாய்க்குத்தான சார், கரண்டிக்கு இல்லியே?"

சட்டப்படி அது சரியாகத்தான் இருந்தது. ஆகவே நான் போய் உட்கார்ந்தேன்.

பாவம், அந்த அம்மாள் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம். தண்ணீர் குடிக்காதே, தெரியாதவரோடு பேசாதே, கைப்பையை விடாதே என்று பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு. சம்பந்தி வீட்டில் ஒரு வாரம் தங்க வேண்டுமாம். எப்படி நடந்துகொள்வது என்று என்னைக் கேட்டார். கத்தினால் சண்டையில்லை, சாப்பாட்டை மறுக்கக் கூடாது என்ற வரைக்கும் பட்லரின் பாடம் நினைவு இருந்தது. அதற்கு மேல் எனக்கு இத்தாலியும் தெரியாது, நிறுத்தவும் தெரியவில்லை. சம்பந்தி என்றதும் எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

"நீங்கள் பிள்ளை வீட்டார். வந்து கூப்பிட்டால் ஒழிய முதல் பந்தியில் உட்காரக் கூடாது. காபி ஆறியிருந்தால் முகத்தைச் சுளிக்கலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் பெண்ணின் அத்தையை மட்டும் பகைத்துக்கொள்ளாதீர்கள்" என்று அடித்துவிட்டேன். அந்த அம்மாள் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் 'இத்தாலி' என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டார். அவருடைய சம்பந்திகள் என்னை மன்னிக்கட்டும்.

இடியாப்பம் வந்தது. இரண்டாம் தடவை பரிமாறப் பட்லர் வாய் பேசாமல் போய் நின்றார். கணவர் தட்டின்மேல் கையை வைத்தார். டீச்சரம்மாவும் வயிற்றைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். பட்லர் கதவோரம் திரும்பி வந்து நின்றார். கரண்டி கீழே இறங்கியது.

ஆனால் அந்த அம்மாளுக்கு நிஜமாகவே வயிறு சரியில்லை. மத்தியானம் முழுவதும் வராந்தாவில் சுருண்டு படுத்திருந்தார். பரீட்சையில் தேறாவிட்டாலும் வயிற்றுவலி வயிற்றுவலிதானே. பட்லர் சுக்குக் கஷாயம் போட்டு, தன்னுடைய பித்தளைத் தம்ளரில் ஊற்றி, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அம்மாள் மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டார்.

அவர்கள் விடிந்ததும் கிளம்பப்போவது தெரிந்து நான் அன்று செங்கல்பட்டுக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலை டாக்ஸியில் பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. பானையை யாரும் கேட்கவில்லை, பட்லரும் எடுக்கவில்லை. அப்போது டீச்சரம்மா வராந்தாவைச் சுற்றிக்கொண்டு அடுப்படி வாசலுக்கே வந்தார். கையில் அந்தப் பித்தளைத் தம்ளர். கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஜிகினாக் காகிதம் சுற்றிய பெப்பர்மிட்டுகள் ஐந்து, அதற்குமேல் கடற்கரையில் பொறுக்கிய ஒரு சங்கு.

என்னிடம்தான் சொன்னார். "வேறு எதுவும் என்னிடம் இல்லை, தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டோம். அனுப்பினால் என் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவாள்."

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பட்லரின் கையிலிருந்த கரண்டி மேலே போய்விட்டது. போன கரண்டி இறங்கவே இல்லை. அப்புறம் வாயைத் திறந்தார். உத்தரவாவது, வேலையாவது. பனி, பாலம், காய்ச்சல், லாரி, தெரேசாம்மா எல்லாம் மூச்சு விடாமல் வந்தன. டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனான். டீச்சரம்மாவுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. மூடியைத் திறந்து விலாசத்தைப் பார்த்தார். உருண்டையில் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். இது வெடிக்குமா என்று மட்டும் கணவர் கேட்டார். பிறகு அந்த அம்மாள் வழிகாட்டிப் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, பானையை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

நான் ஆபீஸுக்கு இப்படி எழுதினேன்: 'விருந்தாளிகளிடம் பட்லர் பேசியது பாத்திரம் சம்பந்தமாக மட்டும். சாமான்கள் லிஸ்டில் உள்ளபடி இருக்கின்றன.' மேலதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

நாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. பட்லர் பாடம் நடத்துவதை விட்டுவிட்டார். இத்தாலி போகிறவர்களுக்கும் டீயா காபியா என்று கேட்டுக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பங்களாவில் இருக்கிறவர்களுக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. தோட்டக்காரர்கூட, "இன்னா அண்ணாத்த, ஒரு உருண்ட குடேன்" என்று கேட்டுப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை கடிதம் வந்திருந்தது. உறையைப் பிரிக்காமல் எனக்காக வைத்திருந்தார். நான் படித்துத் தமிழில் சொன்னேன். டீச்சரம்மா வருங்கால மருமகளையும் கூட்டிக்கொண்டு அந்த மலையூருக்குப் போயிருக்கிறார். தெரேசாம்மா உயிரோடுதான் இருக்கிறாள். பார்வை போய்விட்டது. பானையைக் கையில் கொடுத்ததும் விரலால் தடவிக்கொண்டே வந்து, உடைந்த காதில் விரல் பட்டதும் நிறுத்தினாளாம்.

"இன்னா சொன்னாங்க சார்? திருட்டுப் பையன்னு சொன்னாங்களா?"

நான் அடுத்த வரியைப் படித்தேன். அந்த அம்மாள் முதலில் கேட்டது ஒன்றுதானாம்: "அவனுக்குக் காய்ச்சல் விட்டதா?"

ஆறடி ஆள் அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன். உருண்டையைச் சுத்தியலால் உடைத்தார்களாம். முதல் அடியில் விரிசல் விட்டது மேஜைதானாம்.

படித்து முடித்ததும், "எனக்கும் ஒரு தட்டு போடுங்கள்" என்றேன். அவர் போட்டார். கரண்டியோடு மறுபடியும் வந்து நின்றபோது தட்டை நீட்டினேன். மூன்றாவது தடவையும் நீட்டினேன். வயிறு வெடிக்கும்போல இருந்தது.

"பாஸு சார்" என்றார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். இத்தாலிக்காரர்கள் முடிய விடவில்லை. அடுத்த மாதம் இன்னொரு அமெரிக்காக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மூட்டையை இறக்கினார். தெரேசாம்மா அனுப்பியது. பிரித்தால் முன்னதைப்போல இரண்டு மடங்கு பெரிய செம்புப் பானை, நிறைய உலர்ந்த அத்திப்பழம்.

பட்லர் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு சார்! இதுக்கு மூணு படி மாவு புடிக்கும். மறுபடியும் ஆள் தேடணும்." அன்று சாயங்காலமே பாடம் ஆரம்பித்துவிட்டது.

எனக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தபோது, ரயிலில் சாப்பிடுவதற்கு என்று ஒரு சின்ன அலுமினியத் தூக்கில் எலுமிச்சம்பழச் சாதம் கொடுத்தார். அதற்கப்புறம் லீவில் மகாபலிபுரம் போகும்போதெல்லாம், "தூக்கு எங்க சார்?" என்பார். "மறந்துவிட்டேன், அடுத்த தடவை கொண்டுவருகிறேன்" என்பேன். "அப்ப அடுத்த தபா வருவீங்க" என்று சிரிப்பார். வருஷக்கணக்காக நாங்கள் இதையேதான் பேசிக்கொண்டோம்.

அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. போன மாதமும் மகாபலிபுரம் போயிருந்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது, "அந்தத் தூக்கை எடுத்துக்கொண்டீர்களா?" என்று என் மனைவி கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன்.